லென்ஸோடு ஒரு குளியல்

என் தங்கைக்கு மைனஸ் ஆறு பவர். பள்ளிக்கூடத்தில் அவளைச் சோடாபுட்டி என்று கூப்பிட்டவர்களோடு நான் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே, அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற சமயத்தில், "அந்தக் கண்ணாடியக் கழத்தித் தொலையேன்" என்றேன். பெண் பார்க்க வந்த அன்று முகம் தெரியாமல் காபியை மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் முதலில் நீட்டினாள். பெரியவர்களை மதிக்கிற பெண் என்று மெச்சினார்கள். உள்ளே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மாப்பிள்ளை ஆலங்குளம் பக்கம், போலீஸ் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அவளைக் கூட்டிப்போய் கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கடைக்கார அண்ணாச்சி ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

"தூங்கும்போது கழத்திரணும். குளிக்கப் போனாலும் கழத்திரணும். குழாய்த் தண்ணிகூடப் படக் கூடாதும்மா."

நான் தலையை ஆட்டிக்கொண்டே போனில் ஜாக்கெட் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆனியில். சாரல் பிடித்திருந்தது. புதுப்பெண்ணைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் வீட்டோடு குளிப்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கமாம். வேன் பிடித்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

பெண்கள் குளிக்கிற பக்கம் நல்ல கூட்டம். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, தங்கை என் காதருகே குனிந்தாள்.

"எக்கா, கண்ணுல லென்ஸ் கெடக்கு. டப்பா வேன்ல இருக்கு."

வேனுக்குப் போய்வர ஒரு காரணம் சொல்ல வேண்டும். கழற்றிவிட்டாலோ, வழுக்குகிற பாறையில் தடவித் தடவி நடப்பாள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஏட்டி, ஒரு நிமிசந்தான? கண்ண இறுக்கி மூடிக்கிட்டுப் போ" என்றேன்.

போனாள். மாமியார் அவளை விடவில்லை. மூலிகைத் தண்ணி, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அரை மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் போன் செய்தாள். "வலது கண்ணு உறுத்துதுக்கா. வெளிச்சத்தப் பாக்க முடியல."

"சீயக்காய் பட்டுட்டுன்னு அத்தைட்ட சொல்லு" என்றேன். இரண்டாவது பொய்யும் என்னுடையதுதான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு மேலும் பத்து நாள் ஓட்டினோம்.

வலி தாங்காமல் திருநெல்வேலிக்குப் போனபோது மாமியாரும் கூட வந்தார். "லென்ஸ் போடுவீங்களா? அதோட எங்கயாவது குளிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நான் சொன்னேன். தண்ணீரில் இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில் தங்கி, கருவிழியை அரித்திருக்கிறது என்றார். முதலிலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

வெளியே பெஞ்சில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "கண்ணாடி போடுத பிள்ளைன்னா நாங்க வேண்டாம்னா சொல்லிருப்போம்? என் மூத்த மவளே கண்ணாடிதான போடுதா" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, மாதக் கணக்காக. வலி அடங்கியது, பார்வை வரவில்லை. கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று சில நாள் ஆத்திரமாக வரும்.

போன வாரம் இடது கண்ணுக்குப் பவர் கூடியிருந்தது. புதுக் கண்ணாடி எடுக்கப் போனோம், வேறு கடைக்கு. பழைய கடைக்கார அண்ணாச்சி முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை. கடைக்காரப் பெண் பிரேம்களைப் பரப்பி வைத்தாள். போட்டிருந்ததைக் கழற்றிவிட்டால் எதிரே நிலைக்கண்ணாடியில் இருக்கிற தன் முகமே தங்கைக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியலக்கா. நீயே பாத்து எடு. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.