கோபேயிலிருந்து வந்த ஃபக்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் மிசிசாகாவில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் கிளார்க்காக இருந்தேன். தொழிற்சாலை இயந்திரங்களுக்கான ரப்பர் பெல்ட்டுகளை ஜப்பானிலிருந்து எடுப்பித்து விற்பார்கள். கோபே நகரத்தைச் சுற்றியிருந்த சிறிய ஆலைகளில் செய்த பெல்ட்டுகள் அங்குள்ள துறைமுகத்திலேயே கப்பலேறும். வன்கூவரில் இறங்கி, ரயிலில் நாட்டைக் கடந்து ரொறன்ரோவுக்கு வரும். அங்கிருந்து லொறியில் எங்கள் வாசலுக்கு. ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். அதைத் தாளில் பின்தொடர்வதுதான் என் வேலை.

கோபேயில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்திலும் ஒருவர் இதே வேலையைச் செய்தார். இரண்டு வருடமாக நாங்கள் ஃபக்ஸில் எழுதிக்கொண்டோம். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சிறிய, நேரான எழுத்து. ஏழு எழுதினால் தலையில் ஒரு கொக்கி இருக்கும். கப்பலின் பெயர், சரக்கு ஏற்றிய கொள்கலப் பெட்டியின் இலக்கம், புறப்படும் நாள். வேறொன்றும் எழுத மாட்டார். நானும்தான்.

தொண்ணூற்று நான்கு ஒக்ரோபரில் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தார். சலரோகம். போர்க்காலப் பொருளாதாரத் தடை காரணமாக இன்சுலின் யாழ்ப்பாணத்துக்குள் போகவில்லை. கொழும்பிலிருந்த மாமா எனக்குச் சொன்னபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. மறுநாள் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் காத்திருந்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

ஜனவரியில் கோபேயில் பூமி அதிர்ந்தது. சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உயரத்தில் ஓடிய நெடுஞ்சாலை பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் சாய்ந்து நின்றன. கப்பலேறக் காத்திருந்த எங்களுடைய இரண்டு பெட்டிகளும் துறைமுகத்தில் எந்த மேடையில் நிற்கும் என்று யோசித்தேன். மனிதரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த யோசனை வரவில்லை.

நான் அனுப்பிய ஃபக்ஸ் எதுவும் போய்ச் சேரவில்லை. போகவில்லை என்று மெஷின் துப்பும் துண்டுகளை ஒவ்வொரு நாளும் கோப்பில் சேர்த்தேன். மனேஜர் காலையிலும் பின்னேரத்திலும் என் மேசைக்கு வந்து, "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்பார். இல்லை என்பேன்.

பதினோராம் நாள் காலை ஒரு தாள் வந்திருந்தது. கொக்கி வைத்த ஏழு. "தாமதத்துக்கு மன்னிக்கவும். அலுவலகத்துக்குள் போக முடியாது. ஒசாகாவில் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பெட்டிகளை ஒசாகா வழியாக அனுப்ப முயல்கிறோம். சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்." கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

மனேஜர் வாசித்துவிட்டு, "எப்போது என்று எழுதவில்லையே. கேட்டுப் பார்" என்றார்.

எங்கள் பின்னேரம் ஆறு மணி அவர்களுக்கு மறுநாள் காலை எட்டு மணி. எல்லாரும் போன பிறகு இலக்கத்தைச் சுழற்றினேன். எடுத்தது ஒரு பெண். ஏறக்குறைய என் வயதுக் குரல். இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை.

"நீங்கள் நலமா?" என்று கேட்டேன்.

"நலம். நன்றி. என் அப்பா இறந்துவிட்டார். வீடு விழுந்தது." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பெட்டிகளின் புது இலக்கமும் புறப்படும் நாளும் தரட்டுமா?" என்றாள்.

எழுதிக்கொண்டேன். முதல் இலக்கம் முடிந்ததும், "என் அப்பாவும் இறந்துவிட்டார். ஒக்ரோபரில்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. கொம்பனியில் யாருக்கும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?"

"இல்லை."

"நான் இருந்தேன். அடுத்த அறையில்."

பிறகு இரண்டாவது இலக்கத்தையும் புறப்படும் நாளையும் மெதுவாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். சரி என்றாள்.

வெளியே, நான் குடியிருந்த ஸ்காபரோ மாடிக் கட்டடத்து அண்ணை ஒருவர் காரில் காத்திருந்தார். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அவர்தான் தினமும் என்னை ஏற்றி இறக்குவார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு லேற்றாப் போச்சு?"

"ஜப்பானுக்குப் போன் கதைச்சனான் அண்ணை."

"அங்கை சனம் பாவம், என்ன?"

"ஓம்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா எப்படிப் போனவர் என்று எழுதி அனுப்புங்கோ, அவ்வளவுதான். தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே இருந்தது.

பெட்டிகள் மார்ச் கடைசியில் வந்தன. அதுவரை நான் கீழே கிடங்குக்குப் போய் ஒரு பெட்டி திறப்பதைப் பார்த்ததில்லை. அன்று போனேன். பூட்டை வெட்டியதும் ரப்பர் மணம் வந்தது. சுருள்கள் ஒன்றுகூடச் சேதமில்லை. அப்படியே அவளுக்கு எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. கோடையில் ஃபக்ஸ்களில் வேறொருவர் கையெழுத்திடத் தொடங்கினார். அவள் எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவின் பதிலைக் கொழும்புக்கு வந்த யாரோ கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார்கள். ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், அண்ணையின் காரில் வைத்து வாசித்தேன். "கொப்பர் கடைசி நாள் சீனி போட்டுத் தேத்தண்ணி கேட்டவர். இனி என்னத்துக்கு மறிக்கிறது எண்டு குடுத்தனான். ரெண்டு மிடறு குடிச்சவர். நல்லாயிருக்கு எண்டவர்."

"ஊரிலை எல்லாரும் சுகமோ, பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை" என்று சொல்லி, மற்றப் பக்கத்தைத் திருப்பினேன்.