அத்தைக்கு முன்னால் என் முறை

நடந்தவை, வரிசையாக:

1. வியாழக்கிழமை அப்பாவின் பரிசோதனை முடிவு வந்தது. இரைப்பையில் புற்றுநோய்.
2. அவரிடம் அல்சர் என்று சொன்னோம். உண்மை தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று அம்மா பயந்தாள்.
3. "அல்சருக்கு எவனாவது வயித்தக் கிழிப்பானா?" என்று அப்பா ஆப்பரேஷனுக்கு மறுத்தார்.
4. அம்மா அடுத்த தெரு அத்தையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, ஜெபத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள்.
5. ஞாயிறு சாயங்காலம் அத்தை சபையின் ஜெபக் குழுவோடு வந்து இறங்கினார்.

பழமும் ஹார்லிக்ஸும் மேசையில் குவிந்தன. அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"அல்சருக்கே இத்தனை பேரா? செத்தா ஊரே திரளும் போலயே!"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"யக்கா, இங்கன கொஞ்சம் வாங்களேன்" என்று அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஜெபம் முடியட்டும்மா. காப்பிக்கு என்ன அவசரம்?"

அப்பாவை நடுவில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் பாயில் உட்கார்ந்தோம். ஒருவர் முடித்ததும் வலப்பக்கத்தில் இருப்பவர் உரக்கத் தொடங்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் அத்தை. நோயின் பெயர், ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாவற்றையும் சொல்லித்தான் அவர் ஆண்டவரிடம் கேட்பார்.

முதலில் ஜெபித்த அண்ணாச்சி மழை, நாடு, தலைவர்கள் என்று நீட்டினார். அவர் முடிக்கவே கூடாது என்று நான் தனியாக வேண்டிக்கொண்டேன். முடித்துவிட்டார். ஒவ்வொருவராக முடிக்க, முறை என்னை நெருங்கி வந்தது. ஒரு தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிப்பது என் வேலை. பழுதை மறைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. இப்போது எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன.

என் முறை. வழக்கமான ஜெப வார்த்தைகள் வரவில்லை.

"ஆண்டவரே, அப்பாவுக்கு அல்சர் இல்ல. கேன்சர். நாங்க மறைச்சிட்டோம். ஆப்பரேஷன் பண்ணுனா பொழைக்க வழி இருக்குன்னு டாக்டர் சொல்லுதாங்க. அப்பா சம்மதிக்கணும். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அடுக்களையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"அடுத்த ஆளு யாரு? நிப்பாட்டாதீக" என்றார் அப்பா.

அத்தை ஒரே வரியில் முடித்தார். கண் திறந்தபோது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, ஆஸ்பத்திரிக்கு என்னைக்கு வரச் சொன்னாக?"

"நாளைக்கேப்பா."

"என் வண்டி இருக்கு, காலையில வாரேன். ரத்தம் வேணும்னாலும் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

வரும் புதன்கிழமை ஆப்பரேஷன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். குழுவில் இருவர் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவோடு அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.