வேகாத சக்கை

சோயாப்பால் ஆலையில் பால் பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கையை வாங்கி மாவாக்குகிறவள் என்பதால், தெருவில் அவளுக்குச் சக்கையம்மா என்றே பெயர். நாத்தனார் மட்டும் அந்த மாவை "மாட்டுத்தீனி" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்! பால் ஒத்துக்கொள்ளாமல் நோஞ்சானாகக் கிடந்த மகளை அந்த மாட்டுத்தீனியைக் கொடுத்துத்தான் தேற்றினாள். அன்றிலிருந்து ஒரே பிடிவாதம்: மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் இதைச் சாப்பிட வேண்டும். இரண்டு வருஷம் செருப்புத் தேய நடந்தாள். கடைசியில் தலைமையாசிரியை, "சரி, ஒரு நாள் கொடுத்துப் பார்ப்போம்" என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தானா சண்டை வர வேண்டும்! ஆலையில் கொதிகலன் பார்க்கிற புருஷன், தங்கச்சி எதிரிலேயே "மாட்டுத்தீனிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்துவிட்டான். மூன்று நாள் அவள் அவனிடம் வாய் திறக்கவில்லை. அவனும் வீராப்பாக, ஆலையிலிருந்து கொண்டுவரும் சக்கைத் தொட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

ஆலைக்கு அப்போதுதான் புது இயந்திரம் வந்திருந்தது. பழையது, அரைத்த சோயாவைக் கொதிக்க வைத்துப் பிழியும். புதியது பச்சையாகவே பிழிந்து, பாலை மட்டும் காய்ச்சும். பச்சைச் சோயா வயிற்றுக்கு ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். இயந்திரம் மாறியது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தொட்டியைத் திறந்தபோது அவளுக்கும் லேசாகப் பச்சை வாடை அடித்தது. கேட்டிருக்கலாம். போயும் போயும் அவனிடமா? நிறம் கெடாமல் இளஞ்சூட்டில் காயவைத்து, அரைத்து, பேரீச்சம்பழத்தோடு பிசைந்து உருண்டை பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள்.

மதியத்துக்குள் நாற்பது பிள்ளைகள் வாந்தி. மகளும் அதில் ஒருத்தி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பள்ளிக்கூட வாசல் அடைபட்டது, மகளோடு யாரும் உட்காருவதில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று புருஷனைப் பார்த்து அலறினாள்.

"சொல்லத்தான் வந்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. சரிதான் போடின்னு போயிட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவி மனுஷனைத் திட்டவும் வாய் வரவில்லை, தானும் கேட்கவில்லையே!

இப்போது தினமும் அவன் தொட்டியோடு வந்து, கேட்காமலே வாசலிலிருந்து சொல்கிறான்: "இந்தா, இது பச்சை. நல்லா வேகவச்சுக்கோ."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விடுகிறாள்.