அரை முகச் சவரமும் ஆறு நாள் விசாரணையும்

குற்றவாளியைத் தேடி அலைகிற கிரைம் பார்ட்டியில் இருக்கிற போலீஸ்காரனுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது பொறுமை. மூளை தேய்கிற அளவுக்கு அதை யாரும் வேலை வாங்குவதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் கிரேடு டூ கான்ஸ்டபிள். எனக்கு மேலே ஏட்டு தங்கையா. அவருக்கு மேலே இன்ஸ்பெக்டர். மேலே இருப்பவர் திட்டுவதை வாங்கி, தள்ளிவிடக் கீழே ஆள் இல்லாமல் அப்படியே விழுங்கிப் பழகிய அத்தனை பேருக்கும் நான் சொல்லப்போவது புரியும். எங்கள் மூன்று பேர் தலையிலும் சேர்ந்து விழுந்தது ஒரு சலூன் கொலை. செத்தவர் கடைக்காரர் ராமையா, ஐம்பது வயது. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷர் என்று ஊரே சொன்னது.

பத்தரை மணி முகூர்த்தம்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குக் காசி வந்து கடையைத் திறந்தார். ராமையாவிடம் பதினாலு வருடமாகக் கத்தி பிடித்தவர். முந்தின நாள் கடைக்கு வார லீவு. வெளிப்பூட்டு பூட்டினபடியே இருந்தது. திறந்தால், உள்ளே கண்ணாடிக்கு முன்னால் ராமையா விழுந்து கிடக்கிறார். பின்மண்டையில் ஒரே அடி. பலகைக் கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புப் பட்டை பக்கத்தில் கிடந்தது. அவருடைய வலது கன்னம் வழுவழுவென்று வழித்திருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தின நாள் காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேரும்போது வாசலில் நூறு பேர். கூட்டத்தை ஒதுக்குவது என் வேலை. அப்போது நாலு நாள் தாடியோடு ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். "உள்ளே கொலை நடந்திருக்கு, போய்யா" என்று தடுத்தேன். அவர் ஒரு நிமிஷம் அதிர்ந்து நின்றார். ராமையாவுக்காகக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தாடியைத் தடவி, ரொம்பத் தயங்கிக் கேட்டார்: "சார், விசாரணை எப்ப முடியும்? பத்தரை மணிக்கு நான் தாலி கட்டணும்."

வெளியூர் நாய்

மத்தியானம் மோப்ப நாய் வந்தது. ஜீப்பிலிருந்து அது இறங்கிய தோரணையைப் பார்த்து எங்கள் இன்ஸ்பெக்டரே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரும்புப் பட்டையை மோந்தது. தரையை மோந்தது. மூலையில் ஒரு வாரத்து முடி கூட்டிக் குவித்து வைத்திருந்தது. அதற்குள் மூக்கை விட்டது. அங்கேதான் குழம்பிவிட்டது. பாதி ஊரின் தலைமுடி அந்தக் குவியலில் கிடக்கும்போது பாவம் அது யாரைத்தான் தேடும்? பவுடர் டப்பா பக்கம் போய் நாலு தும்மல் தும்மியது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தது போல நேரே நடந்து எங்கள் இன்ஸ்பெக்டர் காலடியில் உட்கார்ந்து அவரையே பார்த்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே முடி வெட்டியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும். ஏட்டு தங்கையா மட்டும் திரும்பி நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப நேரம் படித்தார். கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவருக்குத்தான் தாங்கவில்லை. சத்தமாகவே கேட்டார்: "ஏலே, ராஜபாளையத்துக்கு வெளியூர்ல இருந்து நாய் கொண்டாந்தவன் எவம்லே?"

படிக்கட்டுத் தலை

சந்தேகம் காசி மேல் விழுந்தது. கடைக்கு இரண்டு சாவி. ஒன்று ராமையாவின் மடியில் இருந்தது, மற்றது காசியிடம். "அது அமுக்குனாலே பூட்டிக்கிடுற பூட்டுய்யா, சாவி எதுக்கு?" என்று காசி சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் காதில் அது ஏறவில்லை. போதாக்குறைக்கு, திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் பெரிய சண்டை என்று தெருவே சாட்சி சொன்னது.

சண்டைக்குக் காரணம் என்ன என்று விசாரிக்க என்னை அனுப்பினார்கள். அப்போது இளவட்டங்களுக்கு ஸ்டெப் கட்டிங் பைத்தியம். காசி ஒரு நூல் மில் தொழிலாளிக்கு அந்த மாதிரி வெட்டிவிட்டார். ராமையாவுக்கு அது ஆகாது. 'என் கடையில இந்த அசிங்கம் கூடாது' என்று கத்தினார், காசியும் பதிலுக்குக் கத்தினார். அந்த மில் தொழிலாளியையே தேடிப் பிடித்தேன். மூன்று அடுக்குத் தலையை ஆட்டி ஆட்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். 'கொன்னுருவேன்' என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். யோசித்துச் சொன்னான்: "அப்படி ஒண்ணும் சொல்லல சார். ஓனர்தான் என் தலையத் தடவிப் பாத்துட்டு, 'இதுல ஏறி எந்த மாடிக்குலே போவ?'ன்னு கேட்டாரு."

தோல் வந்துவிடும்

ஊர்ப் பேச்சு சலூன் பெஞ்சில்தான் உட்காரும் என்பது இன்ஸ்பெக்டரின் கொள்கை. ராமையா கடைக்குச் சீல் வைத்தாயிற்று. ஆகவே, நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு சலூனுக்கு என்னை மப்டியில் அனுப்பினார். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை. கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்கள். சும்மா உட்கார முடியாதே! முதல் நாள் முடி வெட்டிக்கொண்டேன். சாயங்காலம் சவரம். மறுநாள் காலையில் சவரம், மத்தியானம் மறுபடி சவரம்.

அந்தக் கடைக்காரர் வயதானவர், ராமையாவுக்குச் சிநேகிதர். ராமையா முகத்தில் பாதி நுரை இருந்ததை அவரிடம் மெதுவாகச் சொன்னேன். கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டே யோசித்தார். "லீவு நாள்ல அவன் கடைக்குள்ள நின்னு தானாத்தான் வழிச்சுக்கிடுவான். கண்ணாடியப் பாத்துத்தான நின்னிருப்பான்? பின்னால வந்த ஆளு கண்ணாடில தெரிஞ்சிருக்கும். திரும்பலன்னா, தெரிஞ்ச ஆளு" என்றார்.

இது பெரிய துப்பு. ஆனால் இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் இதுவும் காசியைத்தான் காட்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போக மனசில்லாமல், இன்னொரு தடவை வழிக்கச் சொல்லிக் கன்னத்தைக் காட்டினேன். பெரியவர் என் கழுத்துத் துண்டை உருவினார்: "போலீஸ்காரத் தம்பி, இன்னொருக்க வழிச்சா தோலு வந்துரும். பொறவு வாங்க."

வேப்பமரத்தடி

காசி தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், பெஞ்சில் உட்கார வேண்டும், சாயங்காலம் போகலாம். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். சனிக்கிழமைக்குள் எங்கள் ஸ்டேஷனில் எல்லாருக்கும் தலை திருத்தமாகிவிட்டது. கொலைகாரன் என்று நாங்கள் சந்தேகப்படுகிற ஆளிடமே கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் அவர் மனைவி செல்லம்மா சோறு கொண்டு வருவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கைக்குழந்தையோடு நிற்பார். அடுத்த புதன்கிழமை காசியைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்டு வாங்குவது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்துவிட்டார். அது எப்படியோ செல்லம்மா காதுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவர் அழவில்லை. நேரே ஏட்டு தங்கையா முன்னால் வந்து நின்றார். "பதினாலு வருசமா அவிய கையில கத்தி இல்லாத நாளே இல்லய்யா. அந்தக் கத்திக்கு அடில ராமையா அண்ணாச்சி எத்தன வாட்டி கண்ண மூடித் தூங்கியிருக்காரு! கொல்லணும்னா இரும்புப் பட்டைய எதுக்குய்யா தேடணும்?"

கேட்காமலே சொன்னவர்

ராமையாவின் பங்காளிகள் தேவதானத்தில் இருந்தார்கள். பிணம் எடுப்புக்கு வந்தவர்களில் சித்தப்பா மகன் மாரிச்சாமிதான் அதிகமாக அழுதவர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதைச் சுற்றிக் கொஞ்சம் மாந்தோப்பு. கிணற்றைத் தன் பக்கமாக எழுதிக்கொடுக்கச் சொல்லி மாரிச்சாமி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று ராமையாவின் சம்சாரம் சொன்னார். ஆனாலும் அடிதடி என்று எதுவும் கிடையாது.

சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் கொலை நடந்த தேதியில் எங்கே இருந்தீர்கள் என்று ஒப்புக்கு ஒரு வாக்குமூலம் வாங்கினோம். மாரிச்சாமி மூச்சுவிடாமல் சொன்னார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாராம். தேரடிப் பக்கம் ஒரு சலூனில் முடி வெட்டினாராம். கூட்டமாக இருந்ததால் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தாராம். தலையைக் குனிந்து புது வெட்டையும் காட்டினார். 'மேற்படி தேதியில் மேற்படி ஊரில் சிகை திருத்திக்கொண்டிருந்ததாக' என்று நான் எழுதி முடித்தேன். ஏட்டு தங்கையாவுக்கு மனசு நிறைந்துவிட்டது: "இவருதாம்யா மனுசன். கேக்காமலே எல்லாஞ் சொல்லுதாரு!"

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தது

ரிமாண்டுக்கு முந்தின நாள். பைலில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று மாரிச்சாமி சொன்னதைச் சரிபார்த்து வர என்னை விரட்டினார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். தேரடியில் முதல் சலூன், பூட்டு. அடுத்தது, பூட்டு. வடக்கு ரத வீதி, பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் பூட்டு. வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, கோபத்தில் கால் கிலோ பால்கோவா வாங்கி நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். "ஒரு ஊர்ல ஒரு சலூன்கூடவாய்யா திறக்கல? நல்லா வாழக்கா பஜ்ஜி தின்னுட்டு வாரியா?" பஜ்ஜி இல்லை, பால்கோவா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "சத்தியமா அய்யா, மாரிச்சாமி அன்னைக்கு முடி வெட்டினாரான்னு நான் யாரக் கேக்க? ஒருத்தருமே இல்லையே!" என்று புலம்பினேன்.

சிரிக்காதீர்கள். கொலை நடந்தது ராமையா கடைக்கு லீவு நாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் கிழமை போய்த் தேதி வந்துவிடும். அந்தத் தேதியோடு ஆறு நாள் குடும்பம் நடத்தினோம். பெஞ்சில் இருந்த காசி சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்: "இன்னைக்குச் செவ்வாக்கிழமைல்லாய்யா! மாரிச்சாமி அன்னைக்குன்னு சொன்னது போன செவ்வா. செவ்வாக்கிழமை எந்த ஊர்லய்யா எவன் சலூன் திறப்பான்?"

கண்ணாடியில்

அன்று சாயங்காலமே தேவதானம் போனோம். மாரிச்சாமி அந்தக் கிணற்று மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். ஓடவில்லை. திங்கட்கிழமை உண்மையாகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் முடி வெட்டியிருக்கிறார். அதை ஒரு நாள் தள்ளி வைத்துச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கொல்ல வேண்டும் என்று போகவில்லை என்றார். கிணற்றைப் பற்றிக் கடைசியாக ஒரு தடவை கேட்கப் போயிருக்கிறார். அடித்த பிறகு பயந்துபோய்ப் பூட்டை அமுக்கிவிட்டு வந்திருக்கிறார். ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜீப் சேத்தூரைத் தாண்டியது. பிறகு என்னிடமா, தன்னிடமா என்று தெரியாமல் சொன்னார்: "திரும்பிக்கூடப் பாக்கலய்யா. கண்ணாடியப் பாத்து வழிச்சுக்கிட்டே 'முடியாது'ன்னான். எம் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வந்திருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கோர்ட்டு

கேஸ் தொண்ணூறுகளில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. காசி முக்கியச் சாட்சி. அதற்குள் ராமையா கடையை அவரே நடத்திக்கொண்டிருந்தார். பலகையில் ராமையா பெயரை மாற்றவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். காசியை அரை மணி நேரம் புரட்டி எடுத்தார். 'அந்தச் செவ்வாய்க்கிழமை நீர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வரவில்லை. எல்லாக் கடையும் பூட்டியிருந்ததை உம் கண்ணால் பார்த்தீரா, இல்லையா?' என்று விரலை நீட்டிக் கேட்டார்.

எங்களுக்குத் திக்கென்றது. காசி இரண்டு கையாலும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை இந்தக் கோர்ட்டு பூட்டியிருக்கும்னு உங்களுக்குத் தெரியும்லா வக்கீலய்யா, அதை வாரா வாரம் வந்து பாத்துட்டுத்தான் சொல்லுதீயளா?"

நீதிபதி சிரிப்பை அடக்க இருமினார். மாரிச்சாமிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எங்கள் மூன்று பேருக்கும் 'திறமையான புலனாய்வு' என்று பாராட்டுக் கடிதம் வந்தது. இருபத்தெட்டு வருட சர்வீஸில் நான் கற்றுக்கொண்டதெல்லாம், போலீஸ்காரன் மிரட்டிக் கேட்டால் கிடைக்காத பதில் அவன் உட்கார்ந்து புலம்பினால் கிடைக்கும் என்பது ஒன்றுதான்.