அடுப்புக்கு இரண்டு ஆள்

ஜூலையில் புல் அறுப்பு முடிந்த மறுநாள், தொழுவத்துக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் டுவெய்ன் நான்கு முளைகள் அடித்து, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றைச் சுற்றிலும் இழுத்துக் கட்டினான். அகலம் பதினாலு அடி, நீளம் பதினாறு அடி. வாங்கப்போகும் கூடாரத்தின் தரை அது. ஹாக்லண்ட் குடும்பத்தில் கூடாரம் வாங்குவதென்றால் முதலில் கயிற்றில் போட்டுப் பார்ப்பார்கள். கட்டில்களை உள்ளே வைத்துப் படுத்தும் பார்ப்பார்கள். கான்வாஸ் கூடாரம் ஒருமுறை வாங்கினால் பதினைந்து, இருபது வருஷம் அதில்தான் வேட்டைக்காலம் கழியும்.

டுவெய்னின் தம்பி மெர்ல் மடக்குக் கட்டில்களைத் தூக்கிவந்தான். டுவெய்னின் மகன் ட்ராவிஸ் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து, அதுதான் அடுப்பு என்று வலது மூலையில் வைத்தான்.

"இன்னும் உள்ள தள்ளு" என்றான் மெர்ல். "அடுப்புன்னா அடுப்பு மட்டுமா? விறகு, ஈர பூட்ஸ், கையுறை, எல்லாம் அதைச் சுத்தித்தான் கிடக்கும். அடுப்புக்கு ரெண்டு ஆள் இடம் விடணும்."

"விட்டாச்சு."

"நீ, நான், ட்ராவிஸ், என் மருமகனுங்க ரெண்டு பேரு. அஞ்சு. அடுப்புக்கு ரெண்டு. ஏழு ஆள் இடம். போதும்."

லவோன் முட்டைக்கூடையோடு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டுவெய்னின் மனைவி. ஐம்பத்தொன்பது வயது. முப்பத்துநாலு வருஷமாக ஒவ்வொரு அக்டோபரும் அந்த மலைமுகாமுக்குப் போய்வருகிறவள். பின்சுவர்ப் பக்கம் தலைவைத்து வரிசையாகக் கிடந்த கட்டில்களை எண்ணினாள்.

"நான் எங்க படுக்கறது?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எப்பவும் படுக்கற இடத்துலதான்" என்றான் டுவெய்ன். "அடுப்புக்கு முன்னால. நாலு மணிக்கு எழுந்து நெருப்பு போடறவ நீ. உனக்கு எதுக்குக் கட்டில், ஏறி இறங்கிக்கிட்டு."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் புல்லில் படுத்தாள். சாமான் பெட்டி வரவேண்டிய இடத்தில் தலை இருந்தது. விறகு வரவேண்டிய இடத்தில் கால்.

"சரியா இருக்கேம்மா" என்றான் ட்ராவிஸ். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

"காலை மடக்கிக்கிட்டா நாய்க்கும் இடம் இருக்கு" என்றான் மெர்ல்.

லவோன் எழுந்திருக்கவில்லை. "இந்த வருஷம் எனக்குப் பெர்மிட் வந்திருக்கு" என்றாள், வானத்தைப் பார்த்தபடி.

அந்த மலைப்பக்கம் பெண் எல்க் மானை உரிமம் வாங்கிய யாரும் சுடலாம். கொம்பு வளர்ந்த ஆண் மானுக்குத் தனி பெர்மிட் வேண்டும், அதற்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி சேரும். புள்ளி கூடக்கூட வாய்ப்பும் கூடும். பெயர் விழுந்துவிட்டால் சேர்ந்ததெல்லாம் அழிந்து மறுபடி பூஜ்யம். லவோன் பத்தொன்பது வருஷம் எழுதிப்போட்டாள். ஜூனில் கடிதம் வந்தது. அதை அவள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள்.

சுடத் தெரியாதவள் அல்ல. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மலையேறியவள். கல்யாணமான வருஷம் டுவெய்னும் அவளும் மட்டும் போனார்கள். பத்துக்குப் பன்னிரண்டு கூடாரம், ஒரு தகர அடுப்பு, ஒரே படுக்கை. அந்த வருஷம் மானைச் சுட்டது அவள்தான். டுவெய்ன் முதுகில் சுமந்து இறக்கினான். இறங்கும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் மெர்ல் சேர்ந்துகொண்டான். இடம் போதவில்லை என்று பன்னிரண்டுக்குப் பதினாலு வாங்கினார்கள். ஆள் கூடினால் சமையல் கூடும். அவள் கீழே அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். ட்ராவிஸ் பிறந்து, பத்து வயதாகி, அவனுக்கும் ஒரு கட்டில் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அவள் பெயரில் உரிமம் வாங்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் அவள் பெயரில் ஒரு மான் விழுந்தது. சுட்டது டுவெய்ன், அல்லது மெர்ல். உரிமத்தோடு வரும் அவள் சீட்டில், சுட்ட மாதத்தையும் தேதியையும் டுவெய்ன்தான் தன் கத்தியால் வெட்டியெடுத்து, சீட்டை மானின் காலில் கட்டுவான். சட்டப்படி அது தப்பு. அங்கே எல்லா வீட்டிலும் மனைவியின் சீட்டு அப்படித்தான் தீரும்.

"பெர்மிட்தானே" என்றான் டுவெய்ன். "வழக்கம்போல முடிச்சுக் குடுத்துடறோம்."

"வேண்டாம். நானே போறேன்."

"போயேன். யாரு வேண்டாம்னா?"

"விடியறதுக்கு முன்னாடி போகணும். அதுக்கு நல்லாத் தூங்கணும். எனக்கும் ஒரு கட்டில் வேணும். பதினாறுக்கு இருவது வாங்குங்க."

மெர்ல் சீழ்க்கை அடித்தான். "பதினாறுக்கு இருவதா? கல்யாணமா நடத்தப்போறோம்? ஒரு கோவேறு கழுதை தாங்காது. ரெண்டு பக்கமும் எடை சமமா வரணும், அதை எப்படிப் பிரிச்சுக் கட்டுவே? குளிர் வேற. அவ்வளவு இடத்தைச் சூடாக்க யாரு விறகு பிளக்கறது?"

"இதுவரைக்கும் யாரு பிளந்தா?" என்றாள் லவோன்.

டுவெய்ன் முளைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டினான். "பதினாலுக்குப் பதினாறு" என்றான். "முடிஞ்சுது."

பழைய கூடாரம் அவர்களாலேயே போனது. மலையிலிருந்து ஈரத்தோடு இறங்கும் கான்வாஸைத் தொழுவத்து உத்தரத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அதை எப்போதும் லவோன் செய்தாள். அவள் செய்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. போன அக்டோபரில் முகாமிலிருந்து இறங்கிய அன்றே, இடுப்பு எலும்பு முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் பில்லிங்ஸ் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து போன் பண்ணினாள். "டென்ட்டைக் காயப் போட்டீங்களா?" "போட்டாச்சு, போட்டாச்சு" என்றான் டுவெய்ன். ஜூனில் சுருளைப் பிரித்தபோது உள்ளே கறுப்புப் புள்ளிகள். மெர்ல் விரலால் தொட்டான். விரல் துணிக்குள் போய் மறுபக்கம் வந்தது.

ஆகஸ்டில் இரண்டாம் அறுப்பு. ஆண்களுக்கு நேரமில்லை. கூடாரம் தைக்கச் சொல்லிவர லவோனை ஊருக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் ஹார்லன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"எத்தனை பேர் படுப்பீங்க?"

"ஆறு பேர்."

"அடுப்பு உள்ளயா?"

"உள்ளதான். அதுக்கு ரெண்டு ஆள்னு சொல்வாங்க."

"சரியாத்தான் சொல்றாங்க. எதுல ஏத்திட்டுப் போவீங்க?"

"கழுதையில. துணி ஒண்ணுல, கம்புங்க இன்னொண்ணுல."

"அப்போ பதினாறுக்கு இருவது. இதுக்குக் கீழே போனா யாராவது ஒருத்தர் விறகுமேலதான் படுக்கணும்."

"தெரியும்" என்றாள் லவோன். "அதையே தைங்க."

வரும் வழியில் ஒரு கட்டிலும் வாங்கினாள். பச்சைத் துணி போட்டது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்து மூடினாள்.

செப்டம்பர் கடைசியில் கூடாரம் வந்தது. டுவெய்ன் மூட்டையில் எழுதியிருந்த அளவை இரண்டு தடவை படித்தான். "ஹார்லன் தப்பாத் தைச்சுட்டாரா?"

"நான்தான் சொன்னேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சரி, வந்தது வந்துடுச்சு" என்றான். அவள் பச்சைக் கட்டிலை எடுத்துவந்து மற்ற கட்டில்களோடு வைத்தாள். ஒரு வாரம் லவோன் வேலை செய்துகொண்டே எதையாவது முணுமுணுத்துப் பாடினாள். மாலையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கம்பத்துத் தகரங்களைச் சுட்டாள். கை மறக்கவில்லை.

அடுத்த வாரம் டுவெய்ன் போனில் பேசிக்கொண்டிருந்ததைச் சமையலறையிலிருந்து கேட்டாள். எதிர்முனையில் ராய்ஸ், அவர்கள் வைக்கோலை மொத்தமாக வாங்குகிறவர். "அட, வாங்க. இடத்துக்கென்ன குறை? இந்த வருஷம் பெரிய டென்ட். பதினாறுக்கு இருவது."

ராய்ஸ் வந்தார். புதுத் துப்பாக்கி, புது பூட்ஸ், நல்ல விஸ்கி இரண்டு பாட்டில். கட்டில் கொண்டுவரவில்லை.

"விருந்தாளியைத் தரையிலயா போடறது?" என்றான் டுவெய்ன், தாழ்ந்த குரலில். "நாலஞ்சு நாள்தானே, லவோன்."

பச்சைக் கட்டிலில் ராய்ஸ் படுத்தார். கூடாரத்தில் இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது. கட்டில் இல்லை. லவோன் அடுப்புக்கு முன்னால் பழைய விரிப்பைப் போட்டாள்.

மெர்ல் சொன்னதும் பொய்யில்லை. பெரிய கூடாரம் விறகை விழுங்கியது. நாலு மணிக்கு எழுந்து நெருப்பை மூட்டி, ஆறு பேருக்குப் பான்கேக் சுட்டு, பன்றிக்கறி வறுத்து, பிளாஸ்க்குகளில் காப்பி நிரப்பி அனுப்பினாள். பாத்திரம் கழுவி, விறகு பிளந்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கும்போது ஒன்பது மணி. அதற்குள் மான்கள் மேய்ந்து முடித்து அடர்ந்த மரங்களுக்குள் போய்விடும்.

மூன்று நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் மேட்டில் பனிக்குள் ஒரு குழியைப் பார்த்தாள். பெரிய மான் படுத்து எழுந்துபோன குழி. கையுறையைக் கழற்றி உள்ளே கை வைத்தாள். சூடு இருந்தது.

நாலாம் நாள் காலையில் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நான் உங்களுக்கு முன்னாடி கிளம்பிடுவேன். மாவு கலக்கி வெச்சிடறேன். நீங்களே சுட்டுக்குங்க."

"கருக்கிடுவோமே" என்றான் மெர்ல்.

"கருக்கித் தின்னுங்க."

டுவெய்ன் சிரித்தான். "சரி, போயிட்டு வா" என்றான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேட்டுப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. லவோன் மாவு கலந்துகொண்டிருந்தாள். அரை மணியில் டுவெய்னும் ட்ராவிஸும் ராய்ஸும் இறங்கிவந்தார்கள். ராய்ஸின் முழங்கைவரை ரத்தம்.

"சீட்டை எடு" என்றான் டுவெய்ன்.

"எந்தச் சீட்டு?"

"உன்னோட பெர்மிட் சீட்டு. வேற யாருக்கு இருக்கு?"

"யாரு சுட்டது?"

டுவெய்ன் ராய்ஸைப் பார்த்தான். "நேரா முன்னால வந்து நின்னுதுங்க" என்றார் ராய்ஸ். "கொம்புல ஒவ்வொரு பக்கமும் ஆறு கிளை. முகாம்ல பெர்மிட் இருக்குன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கறி முழுக்க உங்களுக்குத்தான். எனக்குக் கொம்பு போதும்."

"என்னைக் கேட்டீங்களா?"

"அட, லவோன்" என்றான் டுவெய்ன். "அது நின்னு காத்துக்கிட்டு இருக்குமா? நீ எப்படியும் ஒன்பது மணிக்குத்தான் போறே. கிடைச்சிருக்கும்னு நினைக்கறியா?"

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா வன அதிகாரி வந்து துப்பாக்கியைப் பிடுங்கிட்டுப் போவான். எல்லாருக்கும் லைசன்ஸ் போகும். ட்ராவிஸ் பக்கத்துலதான் நின்னான். அவனுக்கும் சேர்த்துத்தான்."

ட்ராவிஸ் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

லவோன் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். சட்டையின் உள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். டுவெய்ன் கத்தியை நீட்டினான். அதை அவள் வாங்கவில்லை. உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் மாதத்தை வெட்டினாள். பிறகு தேதியை. நேர்த்தியாக, ஓரம் கிழியாமல். இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள் மாவில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கி அடுப்பில் போட்டாள். சீட்டை ராய்ஸிடம் நீட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் அவர்.

மறுநாளும் நாலு மணிக்கு எழுந்தாள். மாவு கலந்து வைத்திருந்தது. சுட்டாள்.

முகாம் கலைத்த அன்று ஈரப்பனி. கூடாரம் இரண்டு மடங்கு கனத்தது. ஆண்கள் அதை உருட்டிக் கட்டி, கழுதைமேல் ஏற்றி, வீட்டில் தொழுவத்து மூலையில் போட்டார்கள். லவோன் அதைத் தாண்டிப்போய்க் கோழிகளுக்குத் தீனி வைத்தாள். மறுநாளும் தாண்டிப்போனாள். உத்தரத்துக் கொக்கிகள் அப்படியே தொங்கின. மலைப்பனி உருகி மூட்டைக்கடியில் ஒரு சின்னக் குளம் கட்டியது. பின்பு அது உறைந்தது.

கொம்பு ராய்ஸின் அலுவலகச் சுவரில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த குலுக்கலுக்கான விண்ணப்பம் தபாலில் வந்தது. புள்ளி என்ற கட்டத்தில் பூஜ்யம் அச்சடித்திருந்தது. அவள் அதை அடுப்பு மூட்டப் பயன்படுத்தினாள்.

ஜனவரியில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டுவெய்னுக்கு நினைவு வந்தது.

"லவோன், டென்ட்டைக் காயப் போட்டியா?"

அவள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மான்கறி வைத்தாள்.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றாள்.