உலைக்காரர்களின் கையெழுத்து

சாந்தாமணி முதலில் ஈறுகளைத்தான் பார்ப்பார். விளக்கைத் தாழ்த்தி, சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல யாராச்சும் உலையில வேலை செஞ்சாங்களா?" என்று கேட்பார். கேள்வி நோயாளிகளிடமே கற்ற ஸ்பானிஷில் இருக்கும். இழுவை மட்டும் கோபிச்செட்டிபாளையத்தது.

மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில் லா செனிசா என்ற இந்த ஊரில் முந்நூறு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். எண்பது வருடங்களுக்கு முன் இங்கே சிவப்புக் கல்லை வெட்டி, உலையில் வாட்டிப் பாதரசம் எடுத்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு எந்தப் பல் மருத்துவரும் வந்து தங்கவில்லை. சாந்தாமணிதான் சுகர் லேண்ட் நகரிலிருந்து பத்து மணி நேரம் பயணம் செய்து வருகிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நாள், பழைய தபால் நிலையத்தில் பல் பார்க்கிறார்.

வண்டி ஓட்டுவது கணவர் திருமூர்த்தி. "லாங் வீக்கெண்டுன்னா அவனவன் பீச்சுக்குப் போறான். நாங்க பல்லுப் புடுங்க வர்றோம்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் பல் கருவிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இறக்கிக் குழாயையும் மாட்டியிருப்பார்.

இந்த ஊர் ஏன் என்று கேட்டால் சாந்தாமணியிடம் ஒரே பதில்தான். "ஊர்ல பன்னண்டு வருஷம் பிராக்டீஸ் பண்ணுனேன். அமெரிக்கால அந்தப் படிப்பு செல்லாதுன்னுட்டாங்க. நாப்பது வயசுல மறுபடி காலேஜ். ஸ்டூடண்ட் கேம்ப்னு இங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. என்னைய நம்பி மொதல்ல வாயத் தொறந்தது இவங்கதானுங்க."

அந்த முகாமில் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எஸ்பெரான்சா. இப்போது அவருக்கு வயது எண்பத்தாறு. ஊர் அருங்காட்சியகத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. அங்கே அவருடைய அப்பா ஃபௌஸ்தினோவின் படம் மாட்டியிருக்கிறது. கீழே, 'உலைத் தொழிலாளி. குடிப்பழக்கத்தால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்' என்று ஓர் அட்டை. கை நடுக்கம், ஒழுகும் எச்சில், முப்பத்திரண்டு வயதில் பொக்கை வாய். இதையெல்லாம் குடி என்று ஊர் சொன்னது. மகளும் நம்பினார்.

படத்தைப் பார்த்த சாந்தாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. "குடிச்சா கை நடுங்கும், செரி. அந்த வயசுல ஒரு பல்லுகூட மிச்சமில்லாம எப்புடிங்க கொட்டும்?"

அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்பவர் லியோன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "ஒருத்தர் பல்லை வெச்சு வரலாற்றை மாத்த முடியாது, டாக்டர்" என்றார். அது நியாயம் என்று சாந்தாமணிக்கும் பட்டது. சுரங்கத்தின் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினார். நான்கு பயணங்கள், மதிய உணவு நேரம் முழுக்க, அவற்றைப் புரட்டினார். வேலைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்ட, நான்கு வருடத்து ஏடுகள் அவை. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கையெழுத்து நான்கு வருடமும் ஒரே மாதிரி நின்றது. உலையில் நின்ற பத்தொன்பது பேரின் கையெழுத்தும் இரண்டாம் வருடத்தில் அலையாகி, பிறகு கோடுகளாக உடைந்தது.

ஏடுகளை லியோனின் மேசையில் வரிசையாக விரித்தார். "உலையில பத்தொம்போது பேரும் குடிச்சாங்க, சுரங்கத்துல ஒருத்தருமே குடிக்கலையாக்கும்?"

லியோன் ஒவ்வொரு ஏடாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு தானே அட்டையைக் கழற்றினார். 'பாதரச நஞ்சுக்குப் பலியானவர்' என்று எழுதப் போனவரை சாந்தாமணி தடுத்தார். "தெரிஞ்சத மட்டும் எழுதுங்க." இப்போது அங்கே இருப்பது: 'உலைத் தொழிலாளி. கைநடுக்கமும் பல் இழப்பும் பாதரச நஞ்சின் அறிகுறிகள். உடன் நின்ற பதினெட்டுப் பேரின் கையெழுத்திலும் இதே நடுக்கம் உண்டு.'

ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்பெரான்சா நடைச்சட்டத்தை ஊன்றி, முதல்முறையாக அருங்காட்சியகத்துக்குள் வந்தார். அட்டையை இரண்டு முறை படித்தார்.

"சில நாள் அம்மா அப்பாவை வீட்டுக்குள்ளே விடமாட்டாங்க. வெளியே நின்னு கூப்பிடுவார். எனக்கு எட்டு வயசு. எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம்."

சாந்தாமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பிறகு, லியோனைக் கேட்காமலே, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தார்.