துடுப்பு கேட்ட கணக்கப்பிள்ளை

இன்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், “வேலைக்குப் போனா உடற்பயிற்சிக்கு எங்க நேரம் இருக்கு?” என்று அலுத்துக்கொண்டார்.

எனக்கு 1960-களில் நான் வள்ளம் வலித்த காலத்தில் பார்த்த கணக்கப்பிள்ளை ஞாபகம் வந்தார். அப்போது தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்திலேயே நிற்கும். மூட்டை எண்ண அவரை நாங்கள் வள்ளத்தில் கூட்டிப்போவோம்.

நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. ஒருநாள் கப்பலின் கயிற்றேணியில் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். ஏற முடியாவிட்டால் வேலை போய்விடும்.

மறுநாள் என் துடுப்பைக் கேட்டார்.

“பேனா பிடிக்கிற கையி, கொப்புளம் போட்டிரும் அண்ணாச்சி.”

“சும்மாதானல உக்காந்து வாரேன். தள்ளு.”

கொப்புளம் போட்டது. அவர் விடவில்லை. தினமும் போக வர அவரே துடுப்பு வலித்தார். மழைக்காலம் வருவதற்குள் எங்களுக்கு முன்னால் ஏணி ஏறினார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

அத்தனை நாளும் அவர் இடத்தில் சும்மா உட்கார்ந்து வந்தவன் நான். தொப்பை யாருக்குப் போட்டிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.